கராம்புவின் விலை

அடுப்படியெல்லாம் ஸுலைஹாவின் பின்னாலேயே ஓடித் திரியும் முயல் கராம்புவுக்கு அவள் கணவர் ஜுனைதீன் போட்ட விலை ஐந்து ரூபாய். மாத்தளையில் மிளகு வியாபாரம் செய்பவர். எதையும் விலை போடாமல் பார்க்கத் தெரியாது.

"தன் நெஞ்சு முடியத் தானே பிய்க்குது. சொறிதான். எல்லாம் கொட்டுறதுக்குள்ள கலேவெலச் சந்தையில தள்ளிட்டு வந்துடுறேன்."

"அந்த அஞ்சு ரூவாய நான் தாறேன். எனக்கே வித்துடுங்க."

"பொறகு செத்துப்போனா காசத் திருப்பிக் கேக்கப்படாது."

"கேக்க மாட்டேன். நீங்களும் பங்கு கேக்கப்படாது."

"சாகப்போற முயல்ல என்ன பங்கு?" என்று சிரித்தவர், மனைவியின் சேமிப்புக் காசை எண்ணி வாங்கிக்கொண்டு கடைக்குப் போனார்.

மறுநாள் காலை, முயல் பெட்டிக்குள், கராம்பு பிய்த்துப் போட்ட முடி மெத்தையில் ஆறு குட்டிகள் நெளிந்தன. போன மாதம் அடுத்த வீட்டு ஆண் முயல் வேலி நுழைந்து வந்ததை ஸுலைஹா மட்டும் பார்த்திருந்தாள். குட்டி போடப்போகும் முயல்தான் முடி பிய்த்து மெத்தை போடும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"ரெண்டு குட்டி மட்டும் எனக்கு..." என்று இழுத்தார் ஜுனைதீன்.

"கணக்கக் கேளுங்க. வாங்கினது ஒண்ணு, வந்தது ஆறு, விக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. அந்த அஞ்சு ரூவாய்க்குக் கரட் வாங்கிட்டு வாங்க, கணக்கு நேராயிடும்."