வெல்லத் தண்ணீர் வாசம்

ஒரு பழைய பங்களாவில் ஒரு சுண்ணாம்புச் சுவர் இருந்தது. அதன்மேல் யாரோ சிமெண்டைப் பூசிவிட்டுப் போனதிலிருந்து அதற்கு மூச்சுமுட்டல்தான்.

"ஒரு சொட்டு மழையை உள்ளே விட்டேனா?" என்று சிமெண்டுப் பூச்சு பெருமையடித்துக்கொள்ளும்.

"தரையிலேர்ந்து ஏறின ஈரத்தையும் வெளியே விடமாட்டேங்கிறியே தம்பி," என்று சுவர் முனகும். "உள்ளுக்குள்ளே உதிர்ந்துகிட்டு இருக்கேன்."

"எல்லாம் உன் நல்லதுக்குத்தான்."

சுவர் தான் பிறந்த நாட்களை நினைத்துக்கொள்ளும். அன்று சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் விட்டு அரைத்தார்கள். வாசம் பிடித்து எறும்புகள் சாரை சாரையாக வந்தன. பூசி முடித்த பிறகும் வெகுநாள் உடம்பெல்லாம் குறுகுறுத்தது. சிமெண்டு வந்தபின் ஓர் எறும்புகூட எட்டிப் பார்க்கவில்லை.

ஒருநாள் ஆட்கள் வந்து சிமெண்டைக் கொத்தி எடுத்தார்கள். காற்றுப் பட்டதும் சுவருக்கு அழுகையே வந்துவிட்டது. கூடவே பயமும் வந்தது. இந்த வெற்றுடம்பில் மறுபடியும் எதைப் பூசப் போகிறார்களோ?

அப்போது ஓர் எறும்பு அதன்மேல் விறுவிறுவென்று ஓடியது.

"எங்கேப்பா இவ்வளவு அவசரம்?"

"பின்கட்டுத் தொட்டியிலே கடுக்காயும் வெல்லமும் ஊறுதாம்!"

சுவர் நீளமாய் ஒரு மூச்சு விட்டது.

"என்மேலேயே கொஞ்சம் சுத்திப் போயேன்," என்றது. "குறுகுறுப்பே மறந்துபோச்சு."