ரப்பர் பிடுங்கும் டீச்சர்

"பச்சப் புள்ளகிட்ட ரப்பரைப் பிடுங்கி வெச்சுக்கிறது என்ன பழக்கம் மேடம்? இந்தக் கணக்கு டீச்சரை இன்னிக்கே தூக்குங்க. இல்லேன்னா நான் மேலிடத்துக்குப் போவேன்!"

தலைமையாசிரியையின் மேஜையில் புகாரை ஓங்கி வைத்தார் அப்பா. ஓரமாக நின்ற கணக்கு டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. இன்னும் வேலைகூட நிரந்தரமாகவில்லை, பாவம்.

"நேத்து எம் பொண்ணு நோட்டைப் பார்க்கிறேன், பூரா அடித்தல் திருத்தல்! ரப்பர் எங்கடீன்னா, டீச்சர்கிட்டங்கிறா. என் வீட்டுல ஒரு அடித்தல் இருந்தாலும் பக்கத்தையே கிழிச்சுப் போட்டுத் திரும்ப எழுத வைப்பேன். அப்படி வளர்த்த பொண்ணு!"

அப்படி வளர்த்த பெண்ணுக்கு வகுப்பில் பட்டப்பெயர் அழுமூஞ்சி. போன வருஷம்வரை கணக்கு என்றாலே கண்ணில் தண்ணீர்தான்.

தலைமையாசிரியை அவளை வரவழைத்து, ஒரு தாளும் பேனாவும் கொடுத்தார்.

"ஒரு குழாய் தொட்டியை மூணு மணி நேரத்துல நிரப்பும். இன்னொண்ணு ஆறு மணி நேரத்துல. ரெண்டையும் சேர்த்துத் திறந்தா?"

"நாலரை! இதெல்லாம் ஒரு கணக்கா?" முந்திக்கொண்டார் அப்பா.

மகள் 'ஒன்பது' என்று எழுதினாள். கோடு போட்டு அடித்தாள். 'நாலரை' என்று எழுதினாள். அதையும் அடித்தாள்.

"பார்த்தீங்களா, பார்த்தீங்களா!"

"இருங்கப்பா. ஒரு குழாயே மூணு மணி நேரத்துல நிரப்பிடுதே, ரெண்டு சேர்ந்தா எப்படிப்பா லேட்டாகும்? மூணுக்குக் கம்மியாத்தான் வரணும்."

அடித்ததையே உற்றுப் பார்த்தாள். அழவில்லை.

"ஒரு மணி நேரத்துல முதல் குழாய் மூணுல ஒரு பங்கு. அடுத்தது ஆறுல ஒரு பங்கு. சேர்த்தா பாதித் தொட்டி. அப்போ முழுசுக்கு... ரெண்டு மணி நேரம்!"

டீச்சர் தன்னை மறந்து கைதட்டிவிட்டார். தலைமையாசிரியையும் சேர்ந்துகொண்டார். அழுமூஞ்சியின் முகத்தைப் பார்க்கணுமே, அப்படி ஒரு சிரிப்பு!

அப்பா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அசடு வழிந்தது.

"சரி, விடை சரிதான். அதுக்காக ரப்பரைப் பிடுங்கலாமா?"

"டீச்சர் பிடுங்கலப்பா. நானாத்தான் தினமும் அவங்ககிட்ட கொடுத்து வெப்பேன். இங்க அது தேவையே இல்ல. வீட்டுக்கு வர்றப்போ மட்டும் மறக்காம வாங்கிக்குவேன். நேத்துதான் மறந்துட்டேன்."