கைமாத்தாக ஒரு மாத்திரை

"தீர்ந்துபோச்சுக்கா" என்றாள் ஷீலா.

கேட்டது நகையா, பணமா? ஒரே ஒரு பி.பி. மாத்திரை. கோகிலவாணிக்குச் சுருக்கென்றது.

கீழ்வீட்டில் அவள் கணவர் தினகரன் மாத்திரை போடாமல் உட்கார்ந்திருந்தார். அட்டை நேற்றே காலி. "வாங்கறேன், வாங்கறேன்" என்று இழுத்தடித்த மனுஷன், இப்போது தலை கனக்கிறது என்கிறார். முக்குக்கடை மெடிக்கல் ஞாயிற்றுக்கிழமை திறக்காது. மழைத் தண்ணீரில் நீந்தி மாடம்பாக்கத்திலிருந்து கேம்ப் ரோடு வரைக்கும் யார் போவது?

மேல்வீட்டு ஷீலா பி.பி. மாத்திரை போடுவது அபார்ட்மென்ட்டுக்கே தெரியும். மொட்டைமாடிப் பொங்கல் விருந்தில் எல்லோர் எதிரிலும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "பி.பி.க்கா" என்று சிரித்தவள்தானே!

"டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கக்கா. ஒருத்தர் மாத்திரையை இன்னொருத்தர் போடக் கூடாது" என்றாள் ஷீலா.

"பி.பி. மாத்திரைன்னா எல்லாம் ஒண்ணுதானேம்மா. உப்பு எந்தக் கடையில வாங்கினா என்ன?"

அதற்குள் அடுப்பில் பால் பொங்கிற்று. ஷீலா உள்ளே ஓடினாள்.

அப்போதுதான் கோகிலவாணி பார்த்தாள். ஃப்ரிட்ஜ் மேல் விரித்த துணிக்கடியில் மாத்திரை அட்டை எட்டிப் பார்த்தது. முக்கால்வாசி நிறைந்த அட்டை!

அடிப் பாவி! தோசை மாவு, காஸ் சிலிண்டர் என்று இவள் கேட்டு நான் எதையாவது இல்லையென்று சொல்லியிருப்பேனா?

அமுக்கி ஒன்றை எடுத்துக்கொண்டாள். திருட்டா என்ன? கைமாத்து. நாளைக்கு ரெண்டாகத் திருப்பிக் கொடுத்துவிட்டால் போச்சு. சொல்லிக்கொள்ளாமலே கீழே இறங்கி வந்துவிட்டாள்.

தினகரன் கிரிக்கெட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் நீட்டினார்.

"ஷீலா குடுத்துச்சா? நல்ல பொண்ணு."

"நீங்கதான் மெச்சிக்கணும்" என்றபடி மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்து, தண்ணீர் டம்ளரை நீட்டினாள்.

படியில் தடதடவென்று சத்தம். வெறுங்காலோடு, கையில் அந்த அட்டையோடு ஷீலா உள்ளே பாய்ந்தாள். வந்த வேகத்தில் தினகரன் கையைத் தட்டிவிட்டாள். மாத்திரை தரையில் உருண்டது. டம்ளர் தண்ணீர் முழுக்க அவர் லுங்கியில்.

"ஒரு மாத்திரைக்கா இந்த ஓட்டம்!" கோகிலவாணி கத்தினாள். "வெச்சுக்கிட்டே இல்லைங்கற. எடுத்துட்டு வந்தா தட்டிவிடற. இவ்ளோ கஞ்சத்தனமா?"

எதிர் வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சரசு. அவள் காதில் விழுந்தால் தாம்பரம் ஸ்டேஷன் வரைக்கும் சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

ஷீலா சட்டென்று திரும்பிக் கதவைச் சாத்தினாள்.

"அது பி.பி. மாத்திரை இல்லக்கா."

"பின்னே?"

"மனசுக்குப் போடறது. ரெண்டு வருஷமா மனநல டாக்டர்கிட்ட காட்டிக்கிட்டிருக்கேன். வெளிய சொன்னா பைத்தியம்பாங்க. பி.பி.ன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க இல்ல? அதான் அப்படியே சொல்லிட்டேன். கஞ்சம்னு நீங்க திட்டினாலும் பரவாயில்லன்னுதான் இருந்தேன். ஆனா அண்ணன் இதை முழுங்கிட்டா என்ன ஆகுமோன்னு..."

தினகரன் டி.வி.யை அணைத்தார்.

கோகிலவாணியை வெட்கம் பிடுங்கித் தின்றது. உப்பு எந்தக் கடையில வாங்கினா என்ன என்று கேட்ட வாய் இது. இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால்?

"கோகிலா, டாக்டருக்குப் போன் போடு" என்றார் தினகரன். "பழைய அட்டையைக் குடு. ஆட்டோ பிடிச்சாவது நம்ம மாத்திரையை வாங்கிடலாம்."

காலிங் பெல் அடித்தது. சரசுதான்.

"இன்னா கோகிலா, ஒரே சத்தம்? யாரையோ கஞ்சம்னு கத்தின மாதிரி கீது? இந்த ஷீலா எதுக்கு அப்படி ஓடியாந்துச்சு?"

ஷீலாவின் முகம் வெளுத்துப்போனது.

கோகிலவாணி குனிந்து, தரையில் கிடந்த மாத்திரையை எடுத்து உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

"எங்க வூட்டுக்காரரைத்தான் திட்டினேன். மாத்திரை வாங்கறதுக்குக்கூட கஞ்சத்தனம் பண்றாரு. ஷீலாவா? அது ஒண்ணுமில்ல சரசு, பாவம், அவளோட பி.பி. மாத்திரையை இங்க மறந்துட்டுப் போயிட்டா!"