பதினேழாம் நம்பர் வீட்டுக் கொசு

"நாப்பத்திரண்டா?"

சுகாதார இன்ஸ்பெக்டர் ஆதிகேசவன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு நோட்டைப் பார்த்தார். நாற்பத்திரண்டுதான்.

"ஆமா சார். பதினேழாம் நம்பர். ஹாஜிராம்மா ஊடு" என்றான் ராஜமாணிக்கம்.

"மத்த ஊட்லல்லாம் மூணு, நாலு. இந்த ஒரு ஊட்ல மட்டும் தினம் நாப்பதுக்குக் குறையல. கொசுங்க அங்க இன்னா கல்யாணமா பண்ணிக்கினு இருக்குதுங்க?"

ராஜமாணிக்கம் அப்போதுதான் பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்திருந்தான். அறுபத்தெட்டாம் வருஷத்து மழைக்காலம். பழவேற்காட்டில் வீடு வீடாகப் போய்க் கொசுவைப் பிடித்து எண்ணி எழுத மூன்று மாத வேலை. எங்கே கொசு அதிகமோ அங்கே மருந்தடிக்க ஆள் வரும். பொன்னேரியில் இருந்த அம்மாவிடம், 'சுகாதார ஆபீசில் உத்தியோகம்' என்று சொல்லியிருந்தான். கொசுவைப் பற்றி மூச்சு விடவில்லை.

"நீதான் புடிச்சியா?"

"இல்ல சார். நான் போற நேரத்துல அங்க ஆம்பளைங்க யாரும் இருக்க மாட்டாங்க. வெளி ஆளு உள்ள போவக்கூடாது. மொத நாளே கொசு புடிக்கிற காலிக் கண்ணாடிக் குழாய்ங்களைக் குடுத்துட்டு வருவேன். மறுநாள் அந்தம்மா திரைக்குப் பின்னாலருந்து கையை மட்டும் நீட்டி, கொசுவோட குழாய்ங்களைக் குடுப்பாங்க."

"அவங்க புடிக்கிறாங்க, நீ கையெழுத்து போடறே."

"நல்லா புடிக்கிறாங்க சார்."

ஆதிகேசவன் நோட்டை மூடினார். "சாக்கடையோரம் புடிச்சுக்கினு வந்து இந்தக் கணக்குல சேத்துட்டியோன்னு எனுக்குச் சந்தேகம். நாளைக்கு நானே வரேன். கணக்கு பொய்யின்னா அத்தோட நீ ஊட்டுக்குப் போயிடலாம்."

ராஜமாணிக்கத்துக்கு ஹாஜிராம்மா மேல் எரிச்சல் வந்தது. இவ்வளவு பெரிய வீட்டைக் கட்டிப்போட்டு, ஒழுங்காகப் பெருக்கக்கூட மாட்டார்களா?

அவன் மட்டுமில்லை, தெருவே அப்படித்தான் பேசியது. அந்த வீட்டுக்கே 'கொசு ஊடு' என்று பெயர் விழுந்துவிட்டது. ஹாஜிராவின் கணவர் ஷேக் தாவூத் கருவாட்டு மண்டியில் வந்து உட்கார்ந்தால் போதும், எதிர்க்கடைக்காரர்கள் படபடவென்று கையைத் தட்டிக் கொசு அடிப்பார்கள்.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாக ஆதிகேசவன் வந்து நின்றார். மண்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஷேக் தாவூத் வாசலிலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க சார். உள்ள வந்து உங்க கண்ணால பாருங்க. ஊர்ல தலை காட்ட முடியல, ஒரே பேஜாரு."

பெண்கள் உள்ளறைத் திரைக்குப் பின்னால் போனார்கள்.

கழுவிவிட்ட தரை பளபளத்தது. சாம்பிராணி மணத்தது. கட்டிலுக்குக் கட்டில் வெள்ளைக் கொசுவலை. ராஜமாணிக்கம் டார்ச்சை வைத்துக்கொண்டு பீரோவுக்குப் பின்னால் பார்த்தான். தொங்கும் துணிகளை உதறினான். கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போய், தலையில் இடித்துக்கொண்டு வெளியே வந்தான்.

"எத்தினி?" என்றார் ஆதிகேசவன்.

"ஒண்ணு சார்."

"அதுவும் நம்ம கூடவே உள்ள வந்திருக்கும். நோட்டைக் குடு. நாளையிலருந்து நீ வர வேணாம்."

"பாய், நீங்களாவது சொல்லுங்க" என்று ஷேக் தாவூத் பக்கம் திரும்பினான் ராஜமாணிக்கம்.

"நான் இன்னா சொல்றது தம்பி? கருவாட்டைக் கேளு, சொல்றேன்."

அந்த நேரம் பார்த்துப் பின்கட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. தினமும் மீன் கொடுக்கும் குப்பாயி.

"அம்மோவ், இன்னிக்கி மீன்பாடு மாதிரி நல்ல பாடு. அம்பத்தாறு. சின்னவன் காய்ச்சல்ல அசையாம கெடந்தானா, அவன் மேலயே பதினஞ்சு புடிச்சேன்."

சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவள், பேன்ட் போட்ட ஆளைப் பார்த்ததும் கையிலிருந்த கண்ணாடிக் குழாய்களை மீன் கூடைக்குள் செருகப் பார்த்தாள்.

"இங்க குடு. இது எந்த ஊட்டுக் கொசு?" என்றார் ஆதிகேசவன்.

"எங்க ஊட்டுதுதான் சாமி. பின்னால, குப்பத்துல."

"அதை ஏன் இங்க கொண்டாந்து குடுக்கறே?"

குப்பாயி திரையைப் பார்த்தாள். அதற்குப் பின்னாலிருந்து ஹாஜிராவின் குரல் மெதுவாக வந்தது.

"அவளைக் கேக்காதீங்க சார், நான்தான் கொண்டாரச் சொன்னேன். அந்தத் தம்பிக்கும் ஒண்ணும் தெரியாது."

"ஏம்மா இப்பிடிச் செஞ்சீங்க? ஊரே உங்க ஊட்டைப் பாத்துச் சிரிக்குது."

"சிரிச்சிட்டுப் போவட்டும். குப்பத்துல நாலு புள்ளைங்க காய்ச்சல்ல கெடக்குது. அங்க போய் எண்ணுப்பான்னு தம்பிகிட்ட சொன்னேன். கதவு நம்பர் இருக்கிற ஊடுதான் லிஸ்ட்டுல இருக்குதுன்னுது. கொசு ஜாஸ்தியா இருக்கிற ஊட்டைச் சுத்தி நூறு கஜத்துக்கு மருந்தடிப்பாங்கன்னும் அந்தத் தம்பிதான் சொல்லுச்சு. குப்பாயி குடிசைக்குக் கதவே இல்ல சார், நம்பரை எங்கே எழுதுவீங்க? அதான் எங்க நம்பரைக் குடுத்தேன்."

ஷேக் தாவூத் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆதிகேசவன் குழாய்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பேனாவைத் திறந்தார். பதினேழாம் நம்பருக்கு நேரே, ஐம்பத்தாறு என்று தன் கையாலேயே எழுதி, நோட்டை ராஜமாணிக்கத்திடம் நீட்டினார்.

"கையெழுத்து போடு. நாளைக்கு மருந்து வண்டி வரும், நீயும் கூட வரணும். அவங்களுக்குக் குப்பத்துக்கு வழி தெரியாது."