அய்பெரிக்கு வேறு வீடு

வாசலில் இரண்டு பெட்டிகள் பனியில் நனைந்துகொண்டு நின்றன. மார்வா காரை நிறுத்திவிட்டு இறங்கினாள். இந்தக் குளிர்காலத்தில் இப்படிப் பெட்டியை வெளியே வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்ட மூன்றாவது வீடு இது.

வெளிநாட்டிலிருந்து படிக்க வரும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடமும், தங்க ஒரு குடும்பமும் பிடித்துக் கொடுப்பதுதான் அந்த அயோவா ஊரில் மார்வாவின் வேலை. பள்ளிக்கூடம் ஒரு கையெழுத்தில் முடிந்துவிடும். குடும்பம் பிடிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

அய்பெரிக்குப் பதினாறு வயது. கிர்கிஸ்தான் பெண். ஆகஸ்டில் அவள் வந்து இறங்கியபோது, வீட்டில் இடம் கொடுத்த ஷெரில் ஹாக்ஸ்ட்ரா பட்ட பெருமை கொஞ்சநஞ்சமல்ல. சர்ச்சில் கையைப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாகக் காட்டினாள். "உலகமே எங்கள் சாப்பாட்டு மேஜையில்" என்று ஊர்ப் பத்திரிகையில் படம் போட வைத்தாள். பிப்ரவரியில் உலகம் கசந்துவிட்டது. "உடனே வாங்க, ஒரே கூரைக்குக் கீழ இனிமே முடியாது" என்று காலையில் போன்.

கிளம்புவதற்கு முன் மார்வா பதினோரு வீடுகளில் கேட்டுப் பார்த்துவிட்டாள். "எங்க நாய்க்குப் புது ஆளுன்னா ஆகாதே" என்றாள் ஒருத்தி. "நார்வே பொண்ணுன்னா சொல்லுங்க, இந்தப் பொண்ணோட ஊர்ப் பேரே வாயில நுழைய மாட்டேங்குது" என்றாள் இன்னொருத்தி. பாதிரியார் வீட்டில் ஜெபம் செய்வதாகச் சொன்னார்கள்.

வேறு வீடு அமையாவிட்டால் பத்தே நாளில் பெண்ணை விமானம் ஏற்றிவிடுவார்கள். அரை வருஷப் படிப்பு அம்போ.

ஷெரில்தான் கதவைத் திறந்தாள். கோட்டு, தொப்பி, கையுறை எல்லாம் மாட்டித் தயாராக இருந்தாள். வழியனுப்ப இத்தனை அவசரமா என்று மார்வாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்படி என்னம்மா பண்ணிட்டா அவ?"

"என்ன பண்ணலைன்னு கேளுங்க. அஞ்சு மணிக்கு எழுந்து வீட்டுக்கே டீ போடுறா."

"இது ஒரு குத்தமா, ஷெரில்?"

"இருங்க, முடிக்கலை. பதினஞ்சு வருஷமா ஒரு தட்டைத் தொடாத என் மகன், அவ சொன்னா கழுவித் துடைச்சு அடுக்குறான். மக போனைக் கீழ வெச்சுட்டு மாவு பிசையுறா. இருபது வருஷமா நான் தொண்டை கிழியக் கூப்பிட்டும் டிவியை விட்டு எழுந்திருக்காத மனுஷன், ஆறு மணி அடிச்சா டாண்ணு மேஜையில இருக்காரு. நேத்து நான் காளான் சூப் டப்பாவை ஊத்தி நூடுல்ஸை ஓவன்ல சுட்டு வெச்சேன். அதை அவங்க பாத்த பார்வை இருக்கே!"

"குடும்பமா உக்காந்து பேசினீங்களா? நம்ம கையேட்டுல தெளிவா போட்டிருக்கே."

"ஏன் பேசலை? நீங்க சொல்லிக் குடுத்தபடியே நானே கூட்டம் போட்டேன். அவளை மாடிக்கு அனுப்பிட்டு நாங்க நாலு பேரும் கை தூக்கினோம். மூணுக்கு ஒண்ணு. முடிஞ்சது கதை."

ஒரு கையாவது இந்தப் பெண்ணுக்காக உயர்ந்ததே என்று மார்வா நினைத்துக்கொண்டாள். மகனாகத்தான் இருக்கும். புருஷன் டுவேன் பெண்டாட்டிக்கு எதிராகக் கையைத் தூக்குகிற ஆளா என்ன?

அடுக்களையில் அய்பெரி மாவுத் துண்டுகளை எண்ணெயில் போட்டுப் பொரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் ஷெரிலின் பிள்ளைகள் ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

"வாங்க ஆன்ட்டி. சூடா இருக்கு, ரெண்டு எடுத்துக்குங்க."

துரத்துகிறவர்களுக்கே பலகாரம் செய்து கொடுக்கிறாளே என்று மார்வாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மார்வாவின் வீட்டில் ஏற்கெனவே இரண்டு வெளிநாட்டுப் பிள்ளைகள். மூன்றாவதாக ஒருத்தியைச் சோபாவில் படுக்க வைப்பது விதிக்கு விரோதம். விதி கிடக்கிறது, தானே கூட்டிக்கொண்டு போய்விடுவது என்று அந்த நிமிஷமே தீர்மானித்துவிட்டாள்.

"எதுக்கும் கவலைப்படாதம்மா. நான் பாத்துக்கறேன்."

பெண் தலையைக் குனிந்து அடுத்த துண்டை எண்ணெயில் போட்டாள்.

டுவேன் பெட்டிகளைத் தூக்கிப் போய் மார்வாவின் கார் டிக்கியில் வைத்தான். யார் முகத்தையும் பார்க்கவில்லை. நல்ல ஆம்பளை என்று மார்வா மனசுக்குள் திட்டித் தீர்த்தாள்.

"அய்பெரி, கோட்டைப் போட்டுக்கிட்டு வாம்மா!" என்று வாசலிலிருந்து குரல் கொடுத்தாள்.

அய்பெரி கோட்டு இல்லாமல்தான் வந்தாள். கையில் ஒரு டப்பா. அதை ஷெரிலிடம் நீட்டி, "வழியில சாப்பிடுங்கம்மா" என்றாள்.

ஷெரில் டப்பாவை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு, காரின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டையும் மாட்டிக்கொண்டாள்.

"நீங்க எங்க வரீங்க?" என்றாள் மார்வா, ஒன்றும் புரியாமல்.

"'அவளா, நானா?'ன்னுதான் கை தூக்கச் சொன்னேன்" என்றாள் ஷெரில், எதிரே இருந்த கண்ணாடியையே முறைத்துக்கொண்டு.

"எனக்கு ஒரு குடும்பம் பாத்துக் குடுங்க, மார்வா."