புதுசுன்னா புதுசுதான்!

"தேர்வு முடிவு வர்ற நேரத்துல இந்தத் தடவையும் நம்ம சர்வர் திணறினா, தேர்வுத் துறை நம்மளை விட்டே போயிடும்மா," என்றார் மாமனார். அவருடைய டேட்டா சென்டரில் மருமகள்தான் பொறியாளர்.

"திணறாது மாமா."

"எப்படித் திணறும்? அதான் புது சர்வர் வாங்கி இறக்கியாச்சே! நீதான் வேண்டாம்னு ஒத்தைக்கால்ல நின்னே."

"பழசு மேல தப்பே இல்ல மாமா. அதுல சிலது வேகமானது, சிலது மெதுவானது. எல்லாத்துக்கும் சமமா வேலை கொடுக்கறோம். வேகமானது முடிச்சிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும். மெதுவானது மூச்சு வாங்கும். அதனதன் தெம்புக்குத் தக்கபடி பிரிச்சுக் கொடுத்தா..."

"ஆரம்பிச்சிட்டியா பாடத்தை!"

பத்து மணிக்கு முடிவுகள் வெளியாயின. லட்சக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் மொய்த்தார்கள். பக்கங்கள் கண் இமைப்பதற்குள் திறந்தன. ஒரு சர்வர்கூடத் திணறவில்லை. தேர்வுத் துறைத் தலைவரே போனில் அழைத்துப் பாராட்டினார்.

மாமனார் துள்ளி எழுந்தார். "பார்த்தியா? புதுசுன்னா புதுசுதான்! வா, அந்த மகராசன்களைத் தட்டிக் கொடுக்கணும். எந்த வரிசையில வெச்சிருக்கே?"

மருமகள் அவரைச் சரக்கு அறைக்கு அழைத்துப் போனாள். ஒட்டிய டேப்கூடக் கிழியாமல் அட்டைப் பெட்டிகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

"இதுக்கேத்த கரண்ட் லைன் இன்னும் வரல மாமா. பழசுக்கே வேலையைப் பிரிச்சுக் கொடுக்கற முறையை மட்டும்தான் மாத்தினேன்."

மாமனார் பெட்டிகளைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். பிறகு ஒரு பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"அந்தப் பாடத்தை முதல்ல இருந்து சொல்லும்மா."