வெறும் பாதம்

அரபு நாட்டில், ராஸ் அல் கைமாவில் நாங்கள் கட்டும் ஹோட்டல் வாசலுக்குச் சீனாவிலிருந்து இரண்டு கல் சிங்கங்கள் வந்தன. ஆண் சிங்கத்தின் பாதத்துக்கு அடியில் ஒரு பந்து. பெண் சிங்கத்தின் பாதத்துக்கு அடியில் மல்லாந்து கிடக்கும் குட்டி. லாரியிலிருந்து இறக்கும்போது என் கிரேன் ஆடி இடித்ததில் குட்டி பெயர்ந்து விழுந்தது. யாரும் பார்க்கவில்லை. பீடத்துக்கு ஊற்றியிருந்த ஈரக் கான்கிரீட்டுக்குள் அதை அமுக்கிவிட்டேன்.

"குட்டி எங்க மாயாண்டி?" என்று ஃபோர்மேன் மணிமாறன் கேட்டார்.

"வரும்போதே இல்லண்ணே."

ஒரு வாரம் கழித்து, இறுகிப்போன அதே பீடத்தின் மேல் பெண் சிங்கத்தை நானே தூக்கி வைத்தேன். பிள்ளையின் மேல் தாயை ஏற்றுகிறேன் என்று தோன்றியது.

மறுநாள் காலை டியூட்டிக்குப் போனால், அந்த வெறும் பாதத்துக்கு அடியில் சின்ன வெள்ளிக் கொலுசு ஒன்று கிடந்தது. போன லீவில் என் மகளுக்கு வாங்கிப்போனது. கொக்கி உடைந்த இடத்தில் நான் கட்டிய சிவப்பு நூல்கூட அப்படியே இருந்தது.

ஊரில் இருக்கும் மனைவிக்கு போன் போட்டேன்.

"பாப்பா எந்திரிச்சிட்டாளா, கனகா?"

"முழிச்சிட்டுத்தாங்க கிடக்கா. மல்லாக்கப் படுத்தவ அசையவே மாட்டேங்கிறா. நெஞ்சு மேல இருக்கிற காலை அப்பாவை எடுக்கச் சொல்லுங்கிறா."